மூன்றாம் மையத்தின் பிழை

எண் மிக அழகாக இருந்தது. அதுவே அவளை முதலில் உறுத்தியது.

ஒரே மனிதரின் மூளையை நான்கு ஊர்களின் ஸ்கேன் மையங்களில் படமெடுத்தாலும், அதன் பகுதிகளுக்கிடையிலான தொடர்புகள் ஒரே அளவாகக் கிடைக்கின்றனவா என்று சரிபார்ப்பது அவளுடைய பணி. முழு ஒற்றுமை என்றால் ஒன்று. நேற்றுவரை 0.81. இன்று பிற்பகல், எந்தக் கோப்பையும் எவரும் தொட்டிராத நிலையில், திரையில் 0.99 என்றிருந்தது.

அடித்தளத்திலிருந்த அந்தக் கட்டுப்பாட்டு அறைக்கு ஜன்னல் கிடையாது. குளிரூட்டியின் ஓயாத இரைச்சலுக்கும் சூடேறிய கம்பிகளின் மெல்லிய வாடைக்கும் நடுவே, தடித்த கண்ணாடிக்கு அப்பால் ஓய்ந்திருந்த இயந்திரத்தின் குளிர்விப்பான் மட்டும், கூண்டுக்குள் அடைபட்ட ஏதோ ஒரு பறவையைப் போல இடைவிடாமல் கீச்சிட்டுக்கொண்டிருந்தது.

"அஞ்சு மணிக்குள்ள அறிக்கை போகணுமாம் மேடம். நம்ம டைரக்டர் ரெண்டு தடவ போன் பண்ணிட்டார்," என்றார் டெக்னீஷியன். திரையை எட்டிப் பார்த்தார். "அட, நீங்க மொறைச்ச மொறைப்புல மெஷினே வழிக்கு வந்துடுச்சு போல. நான் டீ குடிச்சிட்டு வந்துடறேன்."

அவள் சிரிக்க முயன்றாள்.

நான்கு மையங்களுக்கும் சென்றுவந்த அறுபது தன்னார்வலர்களில் அவளுடைய தம்பியும் ஒருவன். அலுவலகத்தார் அவனுக்கு 'ஊர்சுற்றி' என்று பெயர் வைத்திருந்தார்கள். பயண வசதியை எண்ணி, எல்லோரையும் மாதம் ஒரு மையமாக, ஒரே வரிசையில் அனுப்பியவள் அவள்தான். மூன்றாம், நான்காம் மையங்களின் புதிய இயந்திரங்கள் எல்லோருக்கும் தொடர்புகளைச் சற்றே குறைத்துக் காட்டின. தம்பிக்கோ, தொடர்புகளைக் குறிக்கும் கோடுகளில் இடது நெற்றிப்பொட்டருகே தொடங்குபவை பெரிதும் மெலிந்திருந்தன. இடையில் மாதங்கள் கடந்திருப்பதை, அதற்குள் அவனுக்கே ஏதேனும் நேர்ந்திருக்கலாம் என்பதை அவள் எண்ணிப் பார்க்கவில்லை. மையப் பிழை என்று குறித்துவிட்டு, அவனுடைய படம் பழையபடி ஆகும்வரை அவ்விரு மையங்களுக்கான திருத்தத்தைக் கூட்டினாள்.

நான்காம் மையத்திலிருந்து அவன் தொலைபேசியில் அழைத்திருந்தான்.

"அக்கா, உன் மெஷின் என் மூளைய தின்னுடுச்சு. எறங்குனதும் ஷூ லேஸ் கட்டவே வரல."

"இருந்தாத்தானே தின்ன? அடுத்த தடவையாவது ஆடாம படுடா. என் டேட்டாவ கெடுக்காத."

ஏழு வாரங்களில் அவன் இறந்துபோனான். மூளையில் நோய், இரண்டு மாதம் முன்னதாக வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் மருத்துவர். அம்மா அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீ தினமும் மூளையத்தானேம்மா பாக்கற. உனக்கு ஒண்ணும் தெரியலையா?"

"தெரியலம்மா."

இந்த அறிக்கை சென்றுவிட்டால், நாளை முதல் அவ்விரு மையங்களுக்கும் வரும் ஒவ்வொரு நோயாளியின் படத்திலும் அதே திருத்தம் தானாகவே செய்யப்படும். நோய் மறைந்து, படம் நலமாகத் தோன்றும். அவள் ஒருத்திக்கே அது தெரியும்.

முதல் தன்னார்வலரின் படத்தைத் திறந்தாள். இடது நெற்றிப்பொட்டருகே கோடுகள் மெலிந்திருந்தன. இரண்டாமவரைத் திறந்தாள். அங்கேயும் அப்படியே. இருபதாமவர். நாற்பதாமவர். முதல் மையம், நான்காம் மையம், எதுவாயினும் அதே மெலிவு. அறுபது பேருக்கும் ஒரே மூளை.

தம்பியின் மூளை.

மணி ஐந்தாக நான்கு நிமிடம். 'மூன்றாம் மையத்தில் கண்டது பிழையன்று, நோய்' என்று அறிக்கையின் அடியில் தட்டச்சு செய்தாள். அந்த வரியை அம்மாவும் ஒருநாள் படிக்க நேரும் என்று தோன்றியது. ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். அனுப்பிவிட்டாள்.

கண்ணாடிக்கு அப்பால் இயந்திரம் தட்டத் தொடங்கியது.

டொக். டொக். டொக்.

அவள் தொலைபேசியில் டெக்னீஷியனை அழைத்தாள். "உள்ள யாரையாவது படுக்க வச்சிருக்கீங்களா?"

"இல்லையே மேடம். ரூமைப் பூட்டிட்டேன். சாவி என் பையிலதான் இருக்கு."

கண்ணாடியின் பக்கம் அவள் திரும்பவில்லை. திரையையே பார்த்தாள். புதிய படம் ஒன்று தானாக உருவாகிக்கொண்டிருந்தது. முதலில் புள்ளிகள். பிறகு கோடுகள். பிறகு, இடப்பக்கத்திலிருந்து, ஒவ்வொன்றாக, கோடுகள் அறுந்தன.

ஒலிபெருக்கி கரகரத்தது. உள்ளே யாரோ மூச்சு விட்டார்கள்.

"அக்கா."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆடாமத்தான் படுத்திருக்கேன்க்கா. இப்ப எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி வருதா?"

பத்துக் கோடுகள். நான்கு. ஒன்று.

அதுவும் அறுந்தது. எதனோடும் எதுவும் சேராத கரும்புள்ளிகள் மட்டுமே திரையில் எஞ்சின.

ஒலிபெருக்கியில் அந்த மூச்சு நிற்கவில்லை. அவள் பதிலுக்காக அது பொறுமையாகக் காத்திருந்தது.