அந்தப் பக்கம் போய்ச் சேராத கேபிள்

உருப்படியாக ஒரு பைட்கூட வந்து சேரவில்லை. ஆனாலும் ப்ராசஸர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

வெளியே நல்ல வெயில். மெயின்ஃப்ரேம் என்ற அலமாரி அளவுக் கணினி நின்ற, ஜன்னலே இல்லாத அறையில் குளிர்சாதனத்தின் இரைச்சலுக்கும் சூடேறிய உலோக வாடைக்கும் நடுவே அவள் திரையை முறைத்தபடி நின்றாள். மெயின்ஃப்ரேமை ஈதர்நெட் கேபிள் வழியாக மற்ற கணினிகளோடு பேசவைக்கும் ப்ரோகிராம் அவள் எழுதியது. துண்டு துண்டாக வரும் தகவலை வாங்கிப் பிரிக்க ப்ராசஸர் கொஞ்சம் மெனக்கெடத்தான் வேண்டும். இதுவோ தன் முழு பலத்தையும் அதற்கே செலவழித்தது. யாரோ கதவைத் தட்டிவிட்டு ஓடுவதுபோல, உள்ளே ஒன்றுமே இல்லாத வெற்றுத் துண்டுகள் ஓயாமல் வந்து விழுந்தன.

"உன் ப்ரோகிராம்தான் கோளாறு. இன்னிக்கு சரி பண்ணு, இல்லன்னா நாளைக்கு வராத" என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"என் ப்ரோகிராம்ல ஒரு குறையும் இல்ல சார். நிரூபிச்சுட்டுத்தான் நகருவேன்" என்று அவளும் விட்டுக்கொடுக்கவில்லை.

கேபிளைப் பிடுங்கினாள். ப்ராசஸர் சட்டென்று ஓய்ந்தது. மறுபடி செருகினாள். உடனே மூச்சு வாங்கத் தொடங்கியது. அப்படியென்றால் கேபிள் வழியாகத்தான் வருகிறது. மறுமுனையில் யார் என்று பார்க்க, கேபிள் போடும் அண்ணனை, அது போய்ச் சேரவேண்டிய பக்கத்து அறைக்கு அனுப்பினாள்.

சற்று நேரத்தில் ஃபோன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டு இயந்திரத்தின் மேல் வைத்தாள்.

"தங்கச்சி, இங்க கேபிளே வரலையே. சுவர்ல ஓட்டையும் இல்ல."

"நல்லாப் பாருங்கண்ணே."

"நாலு சுவரும் தடவிப் பாத்துட்டேன்மா."

கேபிள்கள் அடியில் ஓடுவதற்காக உயர்த்திப் போட்டிருந்த தரைப் பலகை ஒன்றை நெம்பி எடுத்தாள். கீழிருந்து ஈரமண் வாடை அடித்தது. மெயின்ஃப்ரேமிலிருந்து இறங்கிய கேபிள் இருட்டுக்குள் நீண்டு கிடந்தது. இந்த முனையைப் பிடுங்கி, கையில் சுற்றிக்கொண்டு இழுத்தாள்.

அது திருப்பி இழுத்தது.

 அவள் பல்லைக் கடித்தாள். ஒரு நாள் முழுக்க ஊர் சிரிக்க நின்றவள். காலை இயந்திரத்தில் ஊன்றினாள்.

"யாரா இருந்தாலும் சரி. வெளிய வா!"

இழுத்தாள். கொஞ்சம் வந்தது. இன்னும் கொஞ்சம்.

"அப்படித்தான் தங்கச்சி. விட்டுடாத. இழு."

அண்ணனின் குரல். தரைக்கு அடியிலிருந்து.

"தங்கச்சி?" ஃபோனில் அதே குரல் பதறியது. "யார்கூட பேசுற? அங்க யாரு இருக்கா?"

கேபிளை உதறினாள். அது மணிக்கட்டை விடவில்லை. அறைக்கோடியில் ஒரு பலகை எழும்பி அடங்கியது. அடுத்தது. அதற்கடுத்தது. அவளை நோக்கி.

கதவு எட்டாத தூரம். கத்தவில்லை அவள்.

"இது என் இடம்" என்றாள்.

காலடிக்கு முன்னிருந்த பலகை மெல்ல உயர்ந்தது. இடுக்கில் விரல்கள் வந்து விளிம்பைப் பற்றின. ஐந்தோடு நிற்கவில்லை. அவள் பலகை மேல் ஏறி, முழு பாரத்தையும் போட்டு மிதித்தாள்.

பலகை அவளையும் சுமந்துகொண்டு உயர்ந்தது.