ஓடையோரத்துத் தாலிக்கொடி

சனிக்கிழமை காலை ஸ்ரீதரன் தன் பேஸ்மென்ற் அறையில் கறுத்துப்போன காசுக் குத்திகளை வினாகிரியில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தபோது குணவதி படியிறங்கி வந்தாள். வந்தவள் இருக்கச் சொன்ன கதிரையிலும் இருக்கவில்லை.

“உங்களிட்டை மண்ணுக்குள்ளை நகை தேடுற மெசின் இருக்காம். உண்மையே அண்ணை?”

ஸ்ரீதரனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு கோடைகாலமாக அந்த மெற்றல் டிடெக்ரரைத் தோளில் போட்டுக்கொண்டு ரொறன்ரோவைச் சுற்றியுள்ள ஏரிக்கரைகளெல்லாம் அலைந்தவன் அவன். கிடைத்ததில் பெரும்பகுதி போத்தல் மூடிகள். புதிதாக வந்த இரண்டு டொலர் குத்திகளும் கொஞ்சம் கிடைத்தன. ஒரே ஒரு தடவை யாரோ இத்தாலியக்காரரின் கலியாண மோதிரத்தைத் தோண்டியெடுத்துத் திருப்பிக் கொடுத்திருந்தான். அந்தக் கதை தமிழ்க் கடைகளில் வாய்க்கு வாய் வளர்ந்து குணவதி வரைக்கும் போயிருந்தது.

“இருக்கு, இருக்கு. என்ன துலைஞ்சது, தங்கச்சி?”

“தாலிக்கொடி.”

மூலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த அமிர்தநாதர் கோப்பையைக் கீழே வைத்தார். மன்னார் நீதிமன்றத்தில் முப்பது வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். சாட்சிக்காரரின் வாயைப் பார்த்தபடியே வாழ்நாளைக் கழித்த மனிதர், இப்போது நகரத்தில் ஒரு கார் தரிப்பிடத்தில் காவல் இருந்தார். ஸ்ரீதரன் தோண்டுவான், அவர் யோசிப்பார். அந்த மோதிரத்துக்குரியவரைக் கண்டுபிடித்ததும் அவர்தான்.

“இரும் பிள்ளை. முதலிலிருந்து சொல்லும்,” என்றார் அவர்.

குணவதி சொன்னாள். அவளுடைய கணவன் யோகலிங்கம் வன்னியில் அகப்பட்டுக்கொண்டிருந்தான். கலியாணமாகி நாலு மாதத்தில் அவள் மட்டும் கனடாவுக்கு வந்தவள். இங்கே அவளுக்கிருந்த ஒரே சொந்தம் கணவனின் தமையன் நவரட்ணமும் அவருடைய மனைவி திலகமணியும். போன கிழமைக்கு முந்தின ஞாயிறு, அவர்களோடு பிக்கரிங் பக்கத்து ஏரிக்கரைப் பூங்காவுக்குப் போயிருந்தாள்.

“தண்ணிக்குள்ளை இறங்கப் போகேக்கை, கொடியைக் கழட்டி வையும், அலை இழுத்துக்கொண்டு போயிடும் எண்டு திலகமணி அக்கா சொன்னா. லேஞ்சியிலை சுத்திக் கைப்பைக்குள்ளை வைச்சனான். திரும்பி வந்து பாத்தால் கைப்பை மணலிலை சரிஞ்சு கிடக்குது. கொடியைக் காணேல்லை.”

“வேறையென்ன இருந்தது பைக்குள்ளை?”

“என்ரை பேர்ஸ், ரெண்டு காப்பு. அதெல்லாம் அப்பிடியே கிடந்தது. மணலிலைதான் விழுந்திருக்கும் எண்டு எல்லாரும் சொல்லீச்சினம். கையாலை அரிச்சுப் பாத்தம். எல்லாரின்ரை பையளையும், காரையும் கொட்டிப் பாத்தம்.”

“அந்த நேரம் சாமானோடை ஆர் இருந்தது?”

“நவரட்ணம் அத்தான் நித்திரை. அக்கா கொஞ்சம் நடந்திட்டு வந்தா. பிறகு குழாயடியிலை நிண்டு செருப்புக் கழுவினா. நான் தேட வாங்கோ எண்டு கத்திக்கொண்டு நிக்கிறன், அவா செருப்பைக் கழுவி முடிச்சுத்தான் வந்தா.” அதைச் சொல்லும்போது குணவதி மெல்லச் சிரித்தாள். உடனே முகம் வாடியது. “அத்தான்ரை மகள் சாம்பவிக்கு ஆவணியிலை கலியாணம். நான்தான் ஆலாத்தி எடுக்கிறதெண்டு எப்பவோ பேசின விசயம். வெறுங்கழுத்தோடை எப்பிடி மணவறையிலை நிக்கிறது? நிண்டால் சனம் கதைக்கும், நீர் ஒதுங்கியிரும் எண்டு அக்காவும் சொல்லுறா. அதை விடுங்கோ, அங்கிள். கழுத்திலை அது இல்லாமல் எனக்கு நித்திரை வருகுதில்லை. அவருக்கு ஏதோ நடந்திட்டுது போலை நெஞ்சு அடிக்குது.”

“நாளைக்கே போவம்,” என்றான் ஸ்ரீதரன் துள்ளியெழுந்து.

மறுநாள் பூங்காவுக்கு நவரட்ணமும் திலகமணியும் இடம் காட்ட வந்திருந்தார்கள். வெயில் சுட்டது. ஸ்ரீதரன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அவர்கள் இருந்த மேசையைச் சுற்றி மணலைக் கோடுகோடாகத் துழாவினான். தங்கமும் சோடா ரின்னின் இழுவை வளையமும் அந்த மெசினுக்கு ஒரே சத்தம்தான். ஆகவே ஒவ்வொரு சத்தத்துக்கும் முழங்காலில் இருந்து தோண்டினான். ஒவ்வொரு தடவையும் குணவதி ஓடி வந்து குனிந்து பார்த்தாள். வளையம். மூடி. கூடார ஆணி. மறுபடியும் வளையம். போகப்போக அவள் ஓடி வருவதை நிறுத்திவிட்டு நின்ற இடத்திலிருந்தே பார்த்தாள்.

அமிர்தநாதர் நவரட்ணத்தோடு நிழலில் நின்று ஏரியைப் பார்த்தார்.

“நல்ல இடம்,” என்றார்.

“ஓம். தம்பிக்குத் தண்ணியெண்டால் உயிராயிருந்தது. சின்னனிலை கீரிமலைக் கேணிக்குள்ளையிருந்து அடிச்சுத்தான் வெளியிலை எடுக்கிறது.” நவரட்ணம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

திலகமணி பொறுமையிழந்திருந்தாள். “மணலிலை விழுந்தது கிடைக்குமே? ஆரோ பொடியள் இஞ்சை உலாவினவங்கள். அவங்கள் எப்பவோ கொண்டு போயிருப்பாங்கள். பலகார வேலை கிடக்குது. வாரும் குணவதி, போவம்.”

மதியத்துக்கு முன்னமே மூவரும் யூனியன்விலில் இருந்த நவரட்ணம் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார்கள். ஸ்ரீதரன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மணலில் குந்தினான்.

“இல்லை அண்ணை. இந்த மணலிலை இல்லை. இருந்தால் மெசின் சொல்லியிருக்கும்.”

“எனக்கும் அப்பிடித்தான் படுகுது. உம்மடை செருப்பைக் காட்டும்.”

ஸ்ரீதரன் காலைத் தூக்கினான்.

“ரெண்டு தட்டுத் தட்டினால் மணல் கொட்டுப்பட்டுப் போகும். கழுவத் தேவையில்லை. அப்ப திலகமணி என்னத்தைக் கழுவினவ? இஞ்சை சேறு எங்கை கிடக்குது?”

இருவரும் தேடிப் போனார்கள். கார் தரிப்பிடத்துக்குப் பின்னால், வில்லோ மரங்களின் கீழே ஒரு சிற்றோடை ஏரிக்குப் போனது. அதன் கரை முழுவதும் கருஞ்சேறு. உலாவ வருபவர் எவரும் அந்தப் பக்கம் வர மாட்டார்கள். ஸ்ரீதரன் மரத்தடியில் மெசினை வீசியதும் காதுக்குள் அது தெளிவாகக் கூவியது.

கையளவு ஆழத்தில் கிடந்தது அது. மடித்த கடதாசித் துடைப்பான், அதற்குமேல் இறுக்கிக் கட்டிய பிளாஸ்ரிக் பை. பிரித்தபோது சாம்பல் நிறத் தூள் கையில் கொட்டியது. அதற்குள் தாலியோடு முழுக்கொடியும் பத்திரமாகச் சுருண்டு கிடந்தது.

“ஆண்டவா! அகப்பட்டிட்டுது!” என்று கத்தினான் ஸ்ரீதரன். “கள்ளியைப் பிடிச்சிட்டம், அண்ணை!”

“உது என்ன தூள்?” என்று கேட்டார் கிறிஸ்தவரான அமிர்தநாதர்.

“விபூதி.”

“கலியாணம் கட்டின பெண்டுகளின்ரை தாலிக்கு நீங்கள் விபூதியோ வைக்கிறது?”

“சீச்சீ. குங்குமம்தான் வைப்பினம். விபூதி மட்டும் எண்டால்…” ஸ்ரீதரன் மேலே யோசிக்கவில்லை. சந்தோஷம் அவனை யோசிக்க விடவில்லை.

அமிர்தநாதர் அந்தப் பையை வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, “ஒரு வீட்டிலை சாவு விழுந்தால் உங்கடை ஆக்கள் கலியாணம் வைப்பினமே?” என்று கேட்டார்.

“துடக்கு, தீட்டல்லோ! சொந்தச் சித்தப்பன், பெரியப்பன் எண்டால் ஒரு வருசத்துக்குத் தள்ளித்தான் வைப்பினம். ஏன் கேக்கிறியள்?”

அவர் காரை நோக்கி நடந்தார். வழியில் கோப்பிக் கடையொன்றில் நிறுத்தச் சொன்னார். “நவரட்ணத்தோடை நான் தனியக் கதைக்கவேணும். அதுக்குப் பிறகு என்ன செய்யிறதெண்டு பாப்பம்,” என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார்.

ஸ்ரீதரனால் பொறுக்க முடியவில்லை. அந்தப் பெண் நித்திரை வராமல் கிடக்கிறாள், நல்ல செய்தியை வைத்துக்கொண்டு இருப்பதா? வாசலில் இருந்த பொதுத் தொலைபேசியில் குத்தியைப் போட்டு நவரட்ணம் வீட்டு இலக்கத்தை அழுத்தினான். எடுத்தது குணவதியே.

“தங்கச்சி, கிடைச்சிட்டுது! கொண்டு வாறம்!”

யூனியன்வில் வீட்டில் எண்ணெய்ச் சட்டியின் மணம் வாசல்வரை வந்தது. குணவதி கதவைத் திறந்தாள். முகம் கழுவி, பொட்டு வைத்து, தலையில் பூக்கூட வைத்திருந்தாள். அமிர்தநாதர் அவளைப் பார்த்தார். பிறகு ஸ்ரீதரனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ஏதோ தவறு செய்துவிட்டோம் என்பது மட்டும் ஸ்ரீதரனுக்கு அப்போதுதான் உறைத்தது.

நவரட்ணமும் திலகமணியும் முன்னறையில் அசையாமல் இருந்தார்கள். மணப்பெண் சாம்பவி சட்டை தைக்கக் கொடுத்த இடத்துக்குப் போயிருந்தாள்.

“எங்கை கிடந்தது, அங்கிள்?” என்று கையை நீட்டினாள் குணவதி.

“அங்கை… ஓடைக்கரையிலை விழுந்து கிடந்தது, பிள்ளை.”

முப்பது வருடம் மற்றவர்களின் பொய்யை மொழிபெயர்த்தவருக்குச் சொந்தமாக ஒரு பொய் சொல்ல வரவில்லை. அவள் பையை வாங்கிப் பிரித்தாள். விபூதி நிலத்தில் கொட்டியது.

“நான் ஓடைப் பக்கம் போகவே இல்லையே.” அவளுடைய குரல் தணிந்தது. “விபூதி தானா வந்து சுத்துமே? ஆர் புதைச்சது? சொல்லுங்கோ அங்கிள். நீங்கள் கண்டுபிடிச்சிட்டியள். உங்கடை முகத்திலை தெரியுது.”

அமிர்தநாதர் நவரட்ணத்தின் பக்கம் திரும்பினார். “நீர் சொல்லும் தம்பி. நான் சொல்லுறதிலும் அதுதான் நல்லது.”

நவரட்ணம் நிலத்தில் கொட்டிக் கிடந்த விபூதியைப் பார்த்தார்.

“அங்கிள், நீங்களே சொல்லுங்கோ,” என்றாள் குணவதி.

அவர் நின்றபடியே, நீதிமன்றத்தில் பேசியதுபோல் மெதுவாகச் சொன்னார். “எடுத்தவருக்குத் தங்கத்திலை ஆசை இல்லை. ஆசையிருந்தால் காப்பையும் எடுத்திருப்பார். புதைச்சாலும் மற்ற நாளே வந்து தோண்டியிருப்பார். ரெண்டு கிழமை அங்கையே விட்டிட்டார். ஏனெண்டால் இந்தக் கொடி ஒரு கலியாண வீட்டுக்குள்ளை வரக்கூடாது எண்டு நினைச்சிருக்கிறார். வீசவும் மனம் வரேல்லை. விபூதி வைச்சு, மரியாதையோடை அடக்கம் செய்திருக்கிறார். சேத்துக்குள்ளை போய் வந்து செருப்புக் கழுவினது ஆரெண்டு நீரே சொன்னனீர். உம்மடை தாலி துலைஞ்சதாலை நடந்தது ஒண்டுதான், பிள்ளை. நீர் மணவறைக்கு வரேலாமல் போச்சுது. நீர் வரக்கூடாது எண்டு நினைக்க என்ன காரணம்? இண்டைக்குக் காலமை நவரட்ணம் தன்ரை தம்பியைப் பற்றிச் சொன்னார். தண்ணியெண்டால் ‘உயிராயிருந்தது’ எண்டார். ‘உயிர்’ எண்டு சொல்லேல்லை.”

சமையலறையில் எண்ணெய் கருகும் மணம் வந்தது. யாரும் எழுந்து போகவில்லை. ஸ்ரீதரன்தான் போய் அடுப்பை நிறுத்தினான். திரும்பி வரும்போது திலகமணி அழுதுகொண்டிருந்தாள்.

“மாப்பிள்ளை வீட்டார் லண்டனிலையிருந்து வரினம். ஒரு வருசம் தள்ளினால் விட்டிட்டுப் போயிடுவினம் எண்டு பயந்தன். கலியாணம் முடியச் சொல்லுவம் எண்டுதான்… அதுக்காக உம்மை ஆலாத்தி எடுக்க விடவும் பயமாயிருந்தது. என்ரை பிள்ளையல்லோ குணவதி. என்ரை பிள்ளை.”

குணவதி அழவில்லை. “எப்ப?” என்றாள்.

“வைகாசியிலை,” என்றார் நவரட்ணம். “ஷெல் விழுந்ததாம். கொழும்பிலையிருந்து போன் வந்தது.”

“ஆனியிலை நான் அவருக்குக் குளிருக்கு ஜக்கெற் வாங்கினனான்.” அவள் யோசித்து யோசித்துச் சொன்னாள். “நீங்கள்தானே அத்தான் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனீங்கள். தோள் அகலம் பாக்க உங்களுக்குத்தானே போட்டுப் பாத்தனான்.”

நவரட்ணம் இரு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

அவள் கொடியைத் திரும்பப் பைக்குள் வைத்து முடிந்தாள். “சாம்பவிக்குச் சொல்லாதேங்கோ. கலியாணம் நடக்கட்டும். எனக்கு வேலையெண்டு சொல்லுங்கோ,” என்றாள். வாசலில் செருப்பை மாட்டும்போது ஒரு கை சுவரைப் பிடித்துக்கொண்டது. திலகமணி எழுந்து கிட்ட வந்தாள். குணவதி அவளைப் பார்க்காமலே வெளியேறினாள்.

ஸ்ரீதரன்தான் காரோட்டினான். அமிர்தநாதர் முன்னால் இருந்தார், குணவதி பின்னால். கெனடி வீதி நெடுக ஞாயிற்றுக்கிழமைச் சனம் நெருக்கியடித்துக்கொண்டு வீடு திரும்பியது. மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று ஸ்ரீதரன் இரண்டு தடவை தொடங்கி நிறுத்தினான். எதற்கென்று கேட்பது? அவளுக்கு முந்திப் போன் செய்திருக்காவிட்டால் என்ன மாறியிருக்கும்? யோகலிங்கம் வைகாசியிலேயே இறந்துவிட்டான். ஆவணியில் தெரிந்திருந்தாலும் அதே சாவுதான்.

“அவரை எங்கை புதைச்சதெண்டு அத்தானிட்டைக் கேக்க மறந்திட்டன்,” என்றாள் குணவதி பின்னாலிருந்து.

அமிர்தநாதர் திரும்பாமலே சொன்னார். “நான் கேட்டனான், பிள்ளை. வாசலிலை. சனம் ஓடுற அவசரத்திலை றோட்டுக்கரையிலை தாட்டதாம். எந்த இடமெண்டு போனிலை சொன்ன ஆளுக்கும் தெரியாதாம்.”

சிவப்பு வெளிச்சத்தில் கார் நின்றது.

“அவரின்ரை விரலிலை ஒரு மோதிரம் கிடந்தது. கலியாணத்துக்கு அம்மா போட்டது,” என்றாள் அவள். “ஸ்ரீ அண்ணை, உங்கடை மெசின் எவ்வளவு ஆழம் மட்டும் பாக்கும்?”

ஸ்ரீதரன் ஸ்ரியரிங்கை இறுக்கிப் பிடித்தான்.

“ஒரு அடி, தங்கச்சி. அதுக்குக் கீழை பாக்காது.”

“காணாது,” என்றாள் குணவதி.