அமல் மூடிய மாடம்

முந்தின ராத்திரி நாங்கள் இருக்கும் சிவாஜிநகரில் ஏறி, இரண்டு பஸ் மாறி, நானும் என்னோடு கொத்து வேலை பார்க்கும் ஃபிராங்க்ளினும் அந்த மாதா கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் இரண்டு மணி. கடலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கரும்பாறை. அதன் நுனியில் முந்நூறு வருஷக் கட்டடம். சுற்றி ஒரு வீடு இல்லை. கீழே அலை மோத மோதக் காலடியில் பாறை அதிர்ந்தது.

என் தம்பி அமல் ஆறு மாதத்துக்கு முன் இங்கே பூச்சு வேலைக்கு வந்தவன். கால் தவறிக் கடலில் விழுந்துவிட்டான் என்று போன் வந்தது. உடல் கிடைக்கவில்லை. அவனுக்கு இறந்தோர் பூசை வைக்க அம்மா இன்னும் விடவில்லை. "பாத்துட்டு வந்து சொல்லு" என்றாள்.

கோயிலைப் பார்த்துக்கொண்டு சாவி வைத்திருந்த ஓஸ்வால்ட் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சமுத்ரம் எடுத்துக்கிட்டுப் போச்சு மாராயா" என்றார், கன்னடம் கலந்த தமிழில்.

"நீங்க பாத்தீங்களா?"

"சத்தம் கேட்டேன்."

"இந்த அலையில இவருக்கு மட்டும் கேட்டுச்சாம்" என்று ஃபிராங்க்ளின் என் காதில் சொன்னான்.

உள்ளே ஈரச் சுண்ணாம்பு வாடை. பீடத்துக்குப் பின்னால், சுவரில் ஆளுயரத்துக்கு ஓரிடம் மட்டும் புதுப்பூச்சு.

"சொரூபம் வைக்கிற பழைய மாடம். மூடச் சொன்னோம். உன் தம்பிதான் மூடுனான்" என்றார் ஓஸ்வால்ட்.

பையிலிருந்து என் கொத்துக்கரண்டியை எடுத்து, அதன் பிடியால் தட்டினேன். பூச்சு பிடித்திருக்கிறதா என்று நாங்கள் அப்படித்தான் பார்ப்போம்.

உள்ளிருந்து பதில் வந்தது.

இரண்டு தட்டு. நிறுத்தி, ஒன்று.

அமல் அப்படித்தான் தட்டுவான்.

கரண்டியைப் பையில் போட்டு விலகினேன். ஃபிராங்க்ளின் சுத்தியலால் உடைத்தான். செங்கல் சரிந்தது. மாடம் காலி. எலும்பில்லை, துணியில்லை.

விழுந்த செங்கல்லைப் புரட்டினேன். அதன் உள்பக்கமும் வழவழவென்று பூசியிருந்தது. மூடிய மாடத்துக்குள் ஆள் நின்றால்தான் அப்படிப் பூச முடியும். ஓரத்தில் ஒரு கட்டைவிரல் பதிவு, பாதி நகம் இல்லாமல். கலவை மெஷினில் அமல் இழந்த நகம்.

தொட்டேன்.

ஈரமாக இருந்தது.

"நானும் ரெண்டு வாட்டி உடைச்சேன்" என்றார் ஓஸ்வால்ட், தரையைப் பார்த்தபடி. "காலைல வந்தா மூடியிருக்கும். இதை யார்கிட்ட சொல்றது? அதான் சமுத்ரம்னு சொன்னேன்."

வெளியே வந்தோம். அவர் கதவைப் பூட்டினார். அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடி பையைத் தூக்கினேன். கனம் குறைந்திருந்தது.

என் கரண்டி இல்லை.

பூட்டிய கதவுக்குப் பின்னால், சுவரில் யாரோ நிதானமாகக் கரண்டி இழுக்கும் சத்தம்.