இடித்த கல் எங்கே போனது?

நிரூபாவுக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

"விண்வெளியில ஒரு பெரிய கல்லோட சின்னக் கல் ஒண்டு வந்து மோதும். பெரிய கல் உடையும். துண்டுகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே பாதையில சூரியனைச் சுத்தும். அதுதான் சிறுகோள் குடும்பம்" என்றார் ஜெகதீஸ்வரி டீச்சர்.

"ஒடைஞ்சா எப்படி டீச்சர் குடும்பமாகும்? எங்க லயத்து வீடுகள்ல சண்டை வந்து ஒடைஞ்சா, ஒரு குடும்பம் ரெண்டாப் போயிருமே!" என்றாள் நிரூபா.

வகுப்பே சிரித்தது. "நடிச்சுப் பாருங்கோ, விளங்கும்" என்றார் டீச்சர். நாளைக்குப் பாடசாலைக் கண்காட்சி. அதில் இதைத்தான் நாடகமாக நடிக்க வேண்டும்.

மைதானத்தில் அழகன் தலையில் மஞ்சள் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு சூரியனாக நின்றான். மற்றவர்கள் கட்டிப்பிடித்து ஒரே கல்லானார்கள். போன வாரம்தான் நோர்வூட்டிலிருந்து வந்து சேர்ந்த பிரியந்தி நன்றாக ஓடுவாள். அதனால் அவள் மோதும் கல்.

ஓடி வந்து இடித்தாள். எல்லோரும் சிதறி, சூரியனைச் சுற்றி ஓடினார்கள். பிரியந்தியும் பின்னால் ஓடப் போனாள்.

"நீ வராத! நாங்கதான் குடும்பம். நீ எங்கள ஒடைச்சவ!" என்றான் கஜேந்திரன்.

பிரியந்தியின் கண் கலங்கியது. "நாளைக்கு நான் இடிக்க மாட்டேன். வேற யாராவது இடிச்சுக்கங்க." மைதான ஓரத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் இடிக்காவிட்டால் நாடகமே இல்லை. நிரூபாவுக்கு அதைவிட அவளைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. குழப்பமும் கூடிவிட்டது. இடித்த கல் எங்கேதான் போகும்? மாயமாகவா மறையும்?

பெரிய செம்மண் கட்டி ஒன்றைத் தரையில் வைத்தாள். பாடசாலைத் தோட்டத்தில் கோவா நட்டிருந்த பாத்தியிலிருந்து சின்னக் கறுப்பு மண்கட்டி ஒன்றை எடுத்து, ஓங்கி எறிந்தாள். பொத்!

இரண்டுமே உடைந்தன. சிவப்புத் துண்டுகளுக்கு நடுவே கறுப்புத் தூள்.

"டீச்சர்! இடிச்சதும் ஒடைஞ்சிருச்சு!"

டீச்சர் குனிந்து பார்த்தார். "ஓம், நான் இதைச் சொல்ல மறந்திட்டன். மோதின கல்லும் நொறுங்கிப் போகும். அதின்ர தூள் துண்டுகளோட கொஞ்சம் கலந்திருக்கவும் கூடும்."

கஜேந்திரன் தன் சட்டையைக் குனிந்து பார்த்தான். "அப்ப எம்மேலயும் அவ தூள் இருக்கா?"

"இருக்கும்!" என்ற நிரூபா பிரியந்தியிடம் ஓடினாள். "வா, நீயும்தான் ஒடைஞ்சிட்ட. எங்களோட ஓடு."

"எந்தப் பக்கம் ஓடணும்?"

"அதுதான் எனக்கும் தெரியல. எல்லாருக்கும் நடுவுல ஓடு!"

மறுநாள் பிரியந்தி இடித்த இடியில் கஜேந்திரன் உண்மையாகவே உருண்டான். எழுந்தவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினான். கற்கள் கைகோத்து ஓடுமா என்று டீச்சர் கேட்கவில்லை.

பார்க்க வந்த அம்மா ஒருவர், "இதுல நீ யாரு பாப்பா?" என்றார்.

பிரியந்தி மூச்சு வாங்கச் சொன்னாள்: "இடிச்சது நாந்தாங்க. இவங்கல்லாம் எங்க குடும்பம்!"