அண்ணனின் முறை

மதிய வேலை முறை முடிந்து அவள் படகின் உள்ளே இறங்கியபோது, ஈரத்துணியும் டீசலும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே எப்போதும் இருட்டுதான். ஜன்னல் வைத்தால் எடை கூடும். பாய்மரப் பந்தயப் படகுக்கு எடைதான் எதிரி. பல் துலக்கும் பிரஷ்களின் கைப்பிடியைக்கூடப் பாதியாக வெட்டிவிட்டுத்தான் எல்லோரும் ஏறியிருந்தார்கள். அவளுடைய அண்ணன் நகத்தை வெட்டிப் போட்டுவிட்டு, "கேப்டன், நானும் எடையைக் குறைச்சாச்சு!" என்று கத்தி எல்லோரையும் சிரிக்கவைத்தான்.

அதே கணக்கில்தான் இரண்டு பேருக்கு ஒரு படுக்கை. அவளுக்கும் அண்ணனுக்கும் ஒன்று. ஒருவர் மேலே பாய்களோடு மல்லுக்கட்டும்போது மற்றவர் கீழே தூங்க வேண்டும். ஏணிப்படியில்தான் சந்தித்துக்கொள்வார்கள்.

"வாலு, சூடு பண்ணி வச்சிருக்கேன். போய்ப் படு," என்பான்.

முந்தாநாள் விடியலில், பாயை மாற்ற முன்பக்கம் போனவனை ஓர் அலை வாரிக்கொண்டு போனது. அவனைப் படகோடு பிணைத்திருந்த இடுப்புக் கயிற்றின் அறுந்த நுனி மட்டும் மிஞ்சியது. பொழுது சாயும்வரை சுற்றிச் சுற்றித் தேடினார்கள். திரும்பினாலும் அதே தூரம், போனாலும் அதே தூரம். கேப்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாயை விரிக்கச் சொன்னார்.

அவள் நனைந்த உடையோடு படுக்கையில் சாய்ந்தாள்.

சூடாக இருந்தது.

இப்போதுதான் யாரோ எழுந்து போன சூடு. அவள் பயப்படவில்லை. அதில் முகத்தைப் புதைத்து வாய்விட்டு அழுதாள். அழுதபடியே தூங்கியும் போனாள்.

முறை மாறியதும் கேப்டன் எட்டிப்பார்த்தார். "எந்திரிம்மா. மேல வா."

"அவன் வரட்டும். ஒரு தடவை பார்த்துட்டு வர்றேன்."

அவள் முறையைத் தானே பார்க்கக் கேப்டன் மேலே போனார்.

காத்துக் கிடந்தாள். அலை மோத மோதப் படகு அதிர்ந்தது. அந்த அதிர்வுக்கு நடுவே வேறொரு சத்தம்.

ஈரக் காலடி.

அது ஏணியில் இறங்கியது. படுக்கையருகே வந்து நின்றது. அவள் கன்னத்தில் சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தது. வெயிலே படாத ஆழத்தின் குளிர். பார்க்கத்தானே கிடந்தாள்? இமை திறக்க மறுத்தது.

தோளில் ஒரு கை. ஊறிச் சுருங்கிய விரல்கள்.

"வாலு..." தொண்டைக்குள் தண்ணீர் களகளத்தது. "எந்திரிடி. என் முறை. ரொம்ப அசதியா இருக்கு."

ஆனாலும் அது அவன் குரல். இரண்டு நாளாகத் தூங்காதவனின் குரல்.

"படுண்ணா," என்றாள். கண்மூடியபடியே இறங்கி, தடவித் தடவி மேலே ஏறினாள்.

அதன்பின் அவள் அதில் படுக்கவில்லை. பாய் மூட்டைகளின் மேல் சுருண்டு கிடந்தாள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் போகும்போது மற்றவர்களும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

ஒருவழியாகக் கரை வந்தது. எத்தனையாவதாக வந்தோம் என்று யாருக்கும் அக்கறையில்லை. செய்தி முன்பே போயிருந்ததால் அம்மா அழுது ஓய்ந்த முகத்தோடு நின்றிருந்தாள். மூட்டை முடிச்சுகள் இறங்கின. மகள் மட்டும் திரும்பப் படகுக்குள் போனாள்.

"அண்ணா, கரை வந்துடுச்சு. அம்மா நிக்கிறாங்க. வர்றியா?"

அலை ஓய்ந்த அந்த நிசப்தத்தில், காலியான படுக்கையிலிருந்து சீரான மூச்சு கேட்டது. அயர்ந்து தூங்குபவனின் மூச்சு.

ஓசைப்படாமல் ஏறி வந்தாள்.

"உள்ள யாராவது இருக்காங்களா? பூட்டிடலாமா?" என்றார் கேப்டன்.

"தூங்குறான். இருக்கட்டும்."

பூட்டைப் பிடித்திருந்த கேப்டனின் கை அப்படியே நின்றது. பிறகு கதவை மெல்லச் சாத்தி, பூட்டாமலே இறங்கி வந்தார்.