கண்ணை மூடிக்கோங்க

மல்லேஸ்வரம் மெட்ரோ படியில் பின்னால் வந்த பெண் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் ஹெர்பர்ட்டுக்குத் தெரிந்தது, இடது கால் செருப்பு பத்துப் படி கீழேயே கழன்று கிடப்பது. வெறுங்காலில் கல்லின் சில்லிப்பு ஏறவே இல்லை.

மறுநாள் நிற்கும்போதே முழங்கால் மடங்கியது. அதற்கு மறுநாள் சட்டைப் பொத்தானுக்கு விரல் வரவில்லை. நான்காம் நாள், டெட்டால் வாடை நிறைந்த ஐ.சி.யூ.வில், தொண்டையில் குழாயோடு, கண்ணைத் தவிர உடம்பில் எதுவும் சொன்னபடி கேட்காமல், தனக்காக மூச்சு விடும் மெஷினின் உஸ்ஸென்ற சத்தத்தைக் கேட்டபடி கிடந்தார். புத்தி மட்டும் தெளிவாக இருந்தது.

டாக்டர் தர்ஷினி கட்டிலருகே நின்று அவர் மனைவி ஜோசஃபினுக்கு விளக்கினார்.

"மூணு வாரம் முன்னாடி வயித்துப்போக்குன்னு சொன்னீங்கல்ல? அந்தக் கிருமியோட மேற்பூச்சும் நரம்போட மேற்பூச்சும் ஏறக்குறைய ஒரே மாதிரி. கிருமியை அடிக்கக் கிளம்பின எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாம நரம்பை அடிக்குது. மருந்து ஏத்தறோம். சரியாக மாசக்கணக்காகும்."

"அந்தக் கிருமி எப்படி வந்துச்சு டாக்டர்?"

"பெரும்பாலும் சரியா வேகாத கோழியிலிருந்து."



மாலைப் பார்வை நேரத்தில் ஜோசஃபின் தனியாக வந்தாள். அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணுக்குத் தெரிந்தது. கைக்குத் தெரியவில்லை.

"என்னங்க, சர்ச்சுக்கு லேட்டாகுதுன்னு நான்தான் அன்னைக்கு அடுப்பைச் சீக்கிரம் அணைச்சேன். எலும்புகிட்ட செவப்பா இருக்குன்னு சொன்னீங்க. சும்மா சாப்பிடுங்கன்னு நான்தான்..." குரல் உடைந்தது. "எம்மேல கோபமில்லேன்னா என்னையே பாருங்க. கோபம்னா கண்ணை மூடிக்கோங்க. நான் புரிஞ்சுக்கறேன்."

கோபமா? உன்மேலா?

அவளையே பார்த்தார். மிச்சமிருந்த தெம்பு முழுவதையும் பார்வையில் வைத்துப் பார்த்தார்.

வலது இமை கனத்தது.

வேண்டாம். இப்போது வேண்டாம்.

இடதும். அவள் முகம் பாதியானது. கோடானது.

இருட்டு.

"என்னங்க?"

திற. திற. திற.

மெஷின் மூச்சை இழுத்தது. விட்டது. இழுத்தது.

"சரிங்க," என்றாள், மிகச் சின்னக் குரலில்.

நாற்காலி நகர்ந்தது. காலடிகள் தள்ளிப் போயின.

"இன்னும் ஸ்வல்ப டைம் இருக்கே மேடம்?" நர்ஸ் அன்னாவின் குரல்.

"வேணாம்மா. நான் இங்க இருக்கறது அவருக்குப் பிடிக்கல."

கதவு மூடியது.

அன்னா கட்டிலருகே வந்து, ஹெர்பர்ட்டின் கண்ணிலிருந்து காதுவரை வழிந்திருந்த ஈரத்தைத் துடைத்தாள். தூங்கட்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, கண் காய்ந்துவிடாதபடி மருந்து தடவி, இரண்டு இமைகளையும் பிளாஸ்திரி போட்டு அழுத்தி ஒட்டினாள்.