பின்பக்க இடது ஸ்பீக்கர்

செல்வதுரையின் வேன் மணப்பாட்டுக்குள் நுழைந்தபோது மணி இரண்டரை. தெருவில் ஆளே இல்லை. குன்றின் மேலிருக்கும் ஆலயத்தின் பக்கமிருந்து வீசிய காற்று மணலை அள்ளி வந்து வண்டிக் கண்ணாடியில் இறைத்தது. கடலை ஒட்டிய தெருவில், பச்சைக் கேட் போட்ட மாடி வீடு என்று போனில் சொல்லியிருந்தார்கள்.

கேட்டருகே டெல்பின் நின்றிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். திருச்செந்தூரில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறாள். இந்த ஒரு காரியத்துக்காகவே இரண்டு நாள் விடுப்புப் போட்டிருந்தாள்.

“புதுசு கொண்டாந்துட்டியளா அண்ணாச்சி?”

“வண்டியில இருக்கு. பழசு எத்தனை வருசம் ஆச்சும்மா?”

“பதினாறு. எங்க அண்ணன் அமலன் கப்பல்ல இருந்தப்போ சிங்கப்பூர்ல வாங்குனது.”

செல்வதுரை சிரித்துவிட்டார். மில்லர்புரத்தில் கடை வைத்து இருபத்தெட்டு வருடமாக ஹோம் தியேட்டர் விற்பதும் பழுது பார்ப்பதும்தான் அவர் பிழைப்பு.

“ஸ்பீக்கரை நல்லா வச்சுக்கிட்டா இருபது வருசம் வரும்மா. ஆம்ப்ளிஃபயர் பத்து, பன்னெண்டு. சப்வூஃபர் ஓரத்துல இருக்க ஃபோம் ஏழெட்டு வருசத்துலயே பொடிஞ்சிரும். ஆனா அதெல்லாம் கடலை விட்டுத் தள்ளி இருக்க ஊருக்குள்ள கணக்கு. கடக்கரை வீட்டுல எல்லாத்தையும் பாதியாக்கிக்கிடணும். உங்க செட்டு எப்பவோ செத்திருக்கும்.”

டெல்பின் சிரிக்கவில்லை.

“செத்துட்டுன்னு நீங்களே எங்கம்மாகிட்ட சொல்லுங்க. அண்ணன் கடல்ல காணாமப் போயி பதினோரு வருசம் ஆச்சு. கப்பல்ல இருந்து விழுந்துட்டான்னு சொன்னாங்க. உடம்பு கிடைக்கல. அன்னையில இருந்து தெனமும் மூணு மணிக்கு அம்மா அது முன்னாடி போயி உக்காந்துருதாங்க. அதுல குரல் கேக்குதாம். வேலை முடிஞ்சு வந்து நான் கேட்டா இரைச்சல்தான் கேக்குது. அதைக் கண் முன்னாடி இல்லாம ஆக்கினாத்தான் அவங்க பிழைப்பாங்க.”

மாடியறையின் கதவைத் திறந்ததும் குளிர்ந்த வாடை ஒன்று முகத்தில் அடித்தது. நாள்பட்ட ஈரத் துணியின் வாடை. அதோடு கொஞ்சம் பாசி. சினிமாக் கொட்டகை போல இருக்க வேண்டும் என்று அமலன் ஆசை ஆசையாகக் கட்டிய அறை அது. சுவரெல்லாம் கறுப்பு ஃபோம், ஜன்னலில் கனத்த திரை. நடுப்பகலிலும் உள்ளே இருட்டு. கதவைச் சாத்தியதும் கடலின் சத்தம்கூடக் கேட்கவில்லை.

நடுவில் ஒரு நாற்காலி. அதில் பிளாரன்ஸ் அம்மாள் உட்கார்ந்திருந்தார். கையில் செபமாலை. உடம்பு வற்றிப் போயிருந்தது.

“எடுக்கத்தானே வந்திருக்கிய?” என்றார்.

“புதுசு நல்லா இருக்கும்மா.”

“நல்லா இருக்கும். நான் வேண்டாம்னா சொல்லுதேன்? மூணு மணி கழியட்டும்.”

டெல்பின் பெருமூச்சு விட்டுவிட்டு டீ போடக் கீழே போனாள். செல்வதுரை சுவரோரம் நின்றார். ஆம்ப்ளிஃபயரில் சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று மட்டும் எரிந்தது. பாட்டு இல்லை, படம் இல்லை. அறை முழுக்க மெல்லிய இரைச்சல்.

மணி மூன்றானது.

இரைச்சல் நின்றது.

பின்பக்கம் இடது மூலையில், சுவரில் மாட்டியிருந்த சின்ன ஸ்பீக்கரிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம் வந்தது. பிறகு யாரோ மூச்சை இழுத்தார்கள். வெகுநேரம் நீருக்குள் இருந்துவிட்டு மேலே வந்தவன் இழுப்பது போன்ற மூச்சு.

“அம்மா… இருக்கியளா?”

செல்வதுரை அந்த மூலைப் பக்கம் திரும்பினார்.

“இருக்கேன்யா,” என்றார் பிளாரன்ஸ் அம்மாள், திரும்பிப் பார்க்காமல்.

“இங்கன இருட்டா இருக்கும்மா.”

“இருக்கட்டும். நான் இருக்கேன்லா. நீ அங்கனயே இரு.”

மறுபடி இரைச்சல். அவ்வளவுதான்.

பழைய ஆம்ப்ளிஃபயர்கள் சில நேரம் படகுகளின் வயர்லெஸ் பேச்சைப் பிடித்துக்கொள்ளும். துரு ஏறிய இணைப்புகளில் அப்படி நடப்பது செல்வதுரைக்குத் தெரியும். அதைத்தான் அந்த அம்மாளிடமும் சொன்னார். “உங்க மகன் குரல் மாதிரி கேட்டிருக்கும்மா. வேற ஒண்ணும் இல்ல.”

பிளாரன்ஸ் அம்மாள் முதல் முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“எம் மவன் குரல்னு யாரு சொன்னா? அமலன் என்னைய அம்மான்னு கூப்பிட மாட்டான் அண்ணாச்சி. பேச ஆரம்பிச்ச நாள்ல இருந்து மம்மிதான்.”

“அப்ப இது…?”

“தெரியாது. சேதி வந்த வாரம், துக்கத்துல, அவன்தான் கூப்பிடுதான்னு நெனச்சுப் பதில் சொல்லிட்டேன். மறுநாளும் கூப்பிட்டுது. அப்பத்தான் இது அவன் இல்லன்னு புரிஞ்சுது. ஆனா பதில் சொல்லியாச்சே.” குரலை இன்னும் தாழ்த்தினார். “நாலு வருசத்துக்கு முன்னாடி கண் ஆபரேஷனுக்குப் போனேன். ஒரே ஒரு நாள். அன்னைக்கு மூணு மணிக்கு எம் புருசன் ரோச் இந்த ரூம் வாசல்ல செத்துக் கிடந்தாவ. நெஞ்சுல நீர் கோத்துட்டுன்னு டாக்டர் சொன்னாரு. வாயைத் துடைச்சது நான். உப்புத் தண்ணி அண்ணாச்சி. கடக்கரையில பிறந்தவளுக்கு அது தெரியாதா?”

கீழே டம்ளர் சத்தம் கேட்டது.

“டெல்பினுக்குச் சொன்னா எனக்குப் பைத்தியம்ங்கா. அவளுக்காகத்தான் தெனமும் இங்கன உக்காருதேன். நீங்க இதுல விவரம் தெரிஞ்ச ஆளு. உண்மையச் சொல்லுங்க. இந்த ஸ்பீக்கர் இன்னும் எத்தனை நாள் தாங்கும்?”

செல்வதுரை ஏணியைப் போட்டு ஏறி, அந்த ஸ்பீக்கரைக் கழற்றி, கீழே இறங்கி உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டு முன்வலையைப் பிரித்தார். ஓரத்து ஃபோம் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. நடுக் காகிதம் கிழிந்து தொங்கியது. உள்ளே செப்புக் கம்பிச் சுருள் பச்சைக் களிம்பாகிப் போயிருந்தது. மீட்டரை எடுத்து இரண்டு முனையிலும் வைத்தார். கம்பி அறுபடாமல் இருந்தால் அது ‘கீ’ என்று கத்த வேண்டும்.

கத்தவில்லை.

இந்த ஸ்பீக்கர் செத்துப் பல வருடங்கள் ஆகியிருக்கும். சற்று முன் இது பேசியிருக்கவே முடியாது.

பெட்டியைச் சாய்த்தார். உள்ளிருந்து ஒரு கைப்பிடி ஈரமணல் அவர் மடியில் கொட்டியது.

அப்போதே எல்லாவற்றையும் இருந்தபடி மாட்டிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். ஆனால் டெல்பின் டீயோடு வந்துவிட்டாள். “இன்னுமா கழட்டல? சாயங்காலத்துக்குள்ள முடிச்சிருங்க அண்ணாச்சி.” அவள் முகத்தில் பதினோரு வருடத்துக் களைப்பு இருந்தது. அந்தப் பெண் கேட்பது நியாயமாகவும் பட்டது. மடியிலிருந்த மணலைத் தட்டிவிட்டபோது, கடற்கரை வீட்டில் மணல் எங்கேதான் புகாது என்று செல்வதுரை தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

புதுச் செட்டை மாட்டி முடிக்க ஐந்தரை ஆயிற்று. பழையதை வேனில் ஏற்றும்போது பிளாரன்ஸ் அம்மாள் மாடிப்படியில் நின்று கேட்டார்.

“அந்த ஒண்ணை மட்டும் திரும்பக் கொண்டாந்துருவியளா?”

அந்தக் கண்களைப் பார்த்து இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. “சரி பண்ணிக் கொண்டாரேன்மா. இன்னும் இருபது வருசம் தாங்கும் பாருங்க.”

“நாளைக்கு மூணு மணிக்கு முன்னாடி.”

“வாரேன்.”

மறுநாள் விடிந்ததும் உட்கார்ந்துவிட்டார். புதுச் சுருள், புதுக் காகிதம், ஓரத்துக்கு ஃபோமுக்குப் பதில் ரப்பர். களிம்பைச் சுரண்டினார். பெட்டியின் உள்பக்கத்தைத் துடைத்து வெயிலில் காயவைத்தார். மத்தியானம் மீட்டரை வைத்தபோது ‘கீ’ என்று கத்தியது. உயிர் வந்துவிட்டது. ஸ்பீக்கரை முன் இருக்கையில் வைத்துக்கொண்டு ஒரு மணிக்கே புறப்பட்டார்.

ஆறுமுகநேரியைத் தாண்டவில்லை. உப்பு மூட்டை ஏற்றிய லாரி ஒன்று நடுரோட்டில் சாய்ந்து கிடந்தது. முன்னாலும் பின்னாலும் வண்டிகள். திருப்பக்கூட இடமில்லை. இரண்டே கால். இரண்டரை. இரண்டே முக்கால்.

ஸ்பீக்கர் இங்கேதானே இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. அது கூப்பிட்டால் நாமே பதில் சொல்லிவிடலாம். வேனின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஸ்பீக்கரை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

மணி மூன்று.

சத்தம் இல்லை.

காதை ஒட்டி வைத்துப் பார்த்தார். புது ரப்பரின் வாசம் மட்டும் வந்தது.

“இருக்கேன்,” என்றார் தானாகவே. “இருக்கேன்யா.”

ஒன்றுமில்லை. அது வெறும் ஸ்பீக்கர். நல்ல, காய்ந்த, பழுது நீங்கிய ஸ்பீக்கர். செத்துப்போன பெட்டிக்குள்தான் அந்தக் குரல் இத்தனை காலம் குடியிருந்தது என்பதும், காலையில் சுரண்டிச் சுரண்டி அதை வெளியே துரத்தியது தன் கைதான் என்பதும் அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

உடனே டெல்பினுக்குப் போன் போட்டார். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்துவிட்டாள்.

“அண்ணாச்சி, வாரியளா? அம்மா கேட்டு வாசல்லயே நிக்காங்க, உங்களைப் பாத்துக்கிட்டு.”

“நீ எங்கம்மா இருக்கே?”

“மாடிப்படியில. மேல தண்ணி சொட்டுத சத்தம் கேக்குது. டேங்க் நிறைஞ்சிருச்சு போல. பாத்துட்டு வாரேன்.”

“போவாத! கீழ இறங்கு! அம்மாகிட்ட போ!”

“என்ன அண்ணாச்சி? கேக்கல…”

படிகளில் அவள் செருப்புச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது.

“இது என்ன, தரையெல்லாம்…”

பிறகு அவள் மூச்சை இழுத்தாள். பாதியில் நின்றுபோன மூச்சு.

அதற்குப் பிறகு போனில் வந்ததெல்லாம் தண்ணீரின் சத்தம்தான்.

அவர் போய்ச் சேர்ந்தபோது நாலரை மணி. தெருவே வீட்டுக்குள் நின்றது. டெல்பினைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தலைமுடி காய்ந்திருந்தது. சேலையும் காய்ந்திருந்தது. உதட்டோரத்தில் மட்டும் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. மாடியறையில் தரை துளி ஈரமில்லாமல் இருந்ததாக, தூக்கி வந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நெஞ்சுவலியாகத்தான் இருக்கும் என்றார் யாரோ ஒருவர், அப்பாவுக்கும் அப்படித்தானே என்று.

பிளாரன்ஸ் அம்மாள் அழவில்லை. செல்வதுரையின் கையிலிருந்த ஸ்பீக்கரை வாங்கிப் பார்த்தார். புத்தம் புதிதாக மின்னிய அதன் முகத்தை விரலால் தடவினார்.

“இருபது வருசம் தாங்கும், என்ன?” என்றார். திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அடக்கத்துக்குப் பிறகும் அந்த அம்மாள் தினமும் மூன்று மணிக்கு மாடியில் போய் உட்கார்ந்திருக்கிறார். என்னையும் கொண்டு போ என்று கூப்பிட்டிருக்கிறார். ஒரு நாளும் பதில் வரவில்லையாம். பக்கத்து வீட்டுப் பெண்தான் செல்வதுரைக்குப் போனில் இதைச் சொன்னாள். பிறகு, அந்த அம்மாள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார் என்றாள். ஆறாவது வாரம், போய்ச் சேர்ந்துவிட்டார் என்றாள்.

செல்வதுரை கடையை நடத்திக்கொண்டுதான் இருந்தார். பழுதுக்கு வருவதை மட்டும் வாங்குவதில்லை. புதுசு வாங்கிக்கிடுங்க என்று அனுப்பிவிடுவார். மூன்று மணியானால் கடையிலிருக்கும் அத்தனை செட்டையும் அணைத்துவிட்டு வாசலில் வந்து நிற்பார். ஏன் என்று கேட்டவர்களிடம் தலைவலி என்று சொன்னார். அந்தப் பெட்டியிலிருந்து துரத்தியது இப்போது எங்கே இருக்கிறது என்பதைத் தவிர வேறு எதையும் அவரால் நினைக்க முடியவில்லை. தூக்கத்தில் அவர் “இருக்கேன், இருக்கேன்” என்று முனகுவதாக மனைவி இன்பமணி சொன்னாள்.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், மூன்றே கால் இருக்கும், பெனிஸ்டன் கூப்பிட்டான். துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் வேலை பார்ப்பவன். போன மாதம்தான் அவரிடம் புதுச் செட்டு வாங்கியிருந்தான்.

“அண்ணாச்சி, ஒரு டவுட்டு. செட்டுல பின்பக்கம் ஒரு ஸ்பீக்கர் மட்டும் தானா பேசுது. பக்கத்து வீட்டு ப்ளூடூத்து எதுவும் சேர்ந்துருமா?”

செல்வதுரை போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“என்ன பேசுது?”

“ஒரு பொம்பளக் குரல். ‘அண்ணாச்சி, வாரியளா, அண்ணாச்சி, இருக்கியளா’ன்னு கேட்டுக்கிட்டே இருக்கு. நனைஞ்ச குரல் மாதிரி இருக்கு.”

எந்தப் பதில் வந்தால் நல்லது என்று அவருக்குத் தெரியவில்லை. யாரும் பதில் சொல்லியிராவிட்டால் அது இன்றைக்கே எழுந்து வரும். சொல்லியிருந்தால், சொன்னவர் உயிரோடு இருக்கும் வரைக்கும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

“யாராவது… பதில் சொன்னியளா?”

“நான் எதுக்குச் சொல்லுதேன்?” பெனிஸ்டன் சிரித்தான். “எம் மவதான். ஆறு வயசுலா, அவளுக்கு எல்லாமே வெளையாட்டு. ‘இருக்கேன்’னு சொல்லிட்டு அது முன்னாடியே உக்காந்துட்டா. எழும்பி வான்னா மாட்டேங்கா. இப்பவும் ரெண்டு பேரும் பேசிக்கிட்டுத்தான் இருக்காவ.”